கவாத்து நேரம்

எப்போது எழுதுவீர்கள் என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது: கரண்ட் போனதும். சிலர் சிரிப்பார்கள். சிலர் அதற்குள் ஏதோ ஆழம் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டு மெதுவாகத் தலையாட்டுவார்கள். ஆழமெல்லாம் ஒன்றும் கிடையாது. தமிழ்நாடே மின்வெட்டு, மின்வெட்டு என்று புலம்பிக்கொண்டிருந்த வருஷங்களில், உத்தமபாளையத்தில் ஓர் உரக்கடைக்கு மேல்மாடியில் இருந்த டிடிபி சென்டரில் நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அந்த வெட்டில் விழுந்த நேரத்துண்டுகளைப் பொறுக்கித்தான் வசனகவிதை எழுதப் பழகினேன். ஊரில் எல்லா ஃபேனும் நின்றால்தான் என் தலைக்குள் இருக்கிற ஃபேன் சுற்ற ஆரம்பிக்கும்.

சென்டர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், அடிக்கடி பேப்பரை மென்று துப்புகிற ஒரு ஜெராக்ஸ் மிஷின், கல்யாணப் பத்திரிகை மாடல்களை அடுக்கிய கண்ணாடி அலமாரி. முதலாளியை நான் அண்ணே என்பேன். அவருக்கு ஆனைமலையான்பட்டிப் பக்கம் பன்னீர் திராட்சைத் தோட்டம் இருந்தது. காலையில் பந்தலுக்கு அடியில் குனிந்து நடந்துவிட்டு, அதே குனிவோடு மாடிப்படி ஏறி வருவார். சட்டையில் மருந்து வாடை அடிக்கும். கல்லாவில் அவர் மனைவி, எனக்கு மதினி. மதினிக்குத் தெரியாமல் அந்தக் கடையில் ஒரு காகிதம் கசங்க முடியாது. நான் ராயப்பன்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவள். மாதா கோயில் மணி அடித்ததும் கிளம்பினால் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும், கொஞ்சம் தாமதித்தால் வாழைத்தார்களோடு நின்றுகொண்டு வரவேண்டும்.

கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி. எது நடந்தாலும் பிளெக்ஸ் பேனர் வைக்க வேண்டும் என்று ஆகியிருந்த காலம் அது. பேனரை இங்கே வடிவமைத்து, சிடியில் ஏற்றித் தேனி பஸ்ஸில் கொடுத்துவிட்டால் சாயந்தரத்துக்குள் பிரிண்ட் ஆகிச் சுருட்டி வந்துவிடும். படம் பிடித்த அளவுக்கு வரியும் பிடிக்க வேண்டும் எல்லாருக்கும். "நாலு வரி நச்சுன்னு போட்டுவிடுத்தா" என்பார்கள். அந்த நாலு வரிதான் என் வேலை.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வந்தவர்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்பேன். பிள்ளை காதுகுத்தும்போது அழுமா, அழாதா? மாப்பிள்ளை பைக்கை மெதுவாக ஓட்டுவாரா? செத்துப்போனவருக்கு எந்த டீக்கடை பிடிக்கும்? குமுளி மலைப்பாதையில் லாரி ஓட்டிய ஒருவருக்குக் கண்ணீர் அஞ்சலி கேட்டு வந்தார்கள். அவர் நெஞ்சுவலியில் வீட்டில் படுத்தபடியே போனவர். 'இந்த ஒரு வளைவைத்தான் ஹாரன் அடிக்காமல் தாண்டிவிட்டாய்' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் மனைவி எழுத்துக்கூட்டிப் படித்தார். அழுதார். அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்துவிட்டது அவருக்கு. "ஆமாத்தா, தெருமுனையில திரும்பயிலேயே அடிச்சுக்கிட்டுத்தான் வருவாக" என்றார்.

இப்படியெல்லாம் எழுத நேரமாகும். அண்ணன் எட்டிப் பார்த்து, "தாயி, பத்திரிகையைக் கல்யாணத்துக்குக் குடுத்துருவமா, இல்ல வளைகாப்போட சேத்துக் குடுத்துக்கிரலாமா" என்பார். அவ்வளவுதான் அவருடைய கண்டிப்பு. அதிலும் பாதி சிரிப்பு இருக்கும்.

மதியச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருக்கும். யூபிஎஸ் கீச்கீச்சென்று கத்தும். அது கத்தி ஓய்வதற்குள் செய்ததைச் சேமித்துவிட்டு எழுந்துவிடுவோம். மதினி கல்லா மேசையில் தலையைச் சாய்த்துக்கொள்வார். அண்ணன் கீழே இறங்கி உரக்கடைக்காரரிடம் வாயடிக்கப் போய்விடுவார். அவர் அண்ணனுக்கு மாமா முறை. நான் வீணாய்ப்போன பிரிண்ட் தாள்களைச் சேர்த்து எடுத்துக்கொண்டு பின்பக்க இரும்புப் படியில் போய் உட்காருவேன். ஒரு பக்கம் யாருடைய கல்யாணமோ, மறுபக்கம் வெள்ளை. அந்த வெள்ளையில் கிறுக்குவேன். எதிரே தென்னந்தோப்பு, அதற்கப்பால் வயல், அதற்கப்பால் மலை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளா.

'மலைமேல் ஒரு மேகம் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பக்கம் போகிற மேகம். செக்போஸ்ட்டில் யாரும் அதை நிறுத்திப் பைக்குள் என்ன என்று கேட்கவில்லை.'

'பஸ்ஸில் ஒரு சேவல், டிக்கெட் எடுத்த எல்லாரையும்விட நிமிர்ந்து உட்கார்ந்து வந்தது.'

இப்படித்தான் இருக்கும். யாருக்கும் பிறந்தநாள் இல்லை, யாரும் சாகவில்லை, அடியில் 'இவண்' என்று எவர் பேரும் போட வேண்டியதில்லை. ஒரு வரி வந்தால் அதை இரண்டு நாள் வாயில் போட்டு நெல்லிக்காயைப் போல உருட்டிக்கொண்டிருப்பேன். வரவில்லை என்றால் தென்னையில் ஏறுகிற அணிலைப் பார்ப்பேன். இரண்டுக்கும் ஒரே சந்தோஷம்தான்.

இந்த வரிகளுக்குப் பேர் வைத்தது மதினி. ஒருநாள் பாதித் தூக்கத்தில் முகம் கழுவ வந்தவர் கேட்டார்: "என்னத்தா, வெட்டி வரி எழுதுறியா?"

"ஆமா மதினி."

"எழுது, எழுது. கரண்ட்டு வந்ததும் காசு வரி எழுதலாம்."

இது கீழே உரக்கடைவரை போய்விட்டது. அடுத்த நாள் அந்த மாமா படிக்கட்டில் என்னைப் பார்த்து, "வீட்டு வரி கட்டுறேன், தண்ணி வரி கட்டுறேன். அதென்னத்தா வெட்டி வரி, அதுக்கும் ஆபீஸ்ல போயி நிக்கணுமா" என்றார். உத்தமபாளையத்தில் அந்த வரியைக் கட்டுகிற ஒரே ஆள் நான்தான் என்றேன்.

அப்போதுதான் அண்ணன் தேனிக்குப் போனார்.

ஒரு கல்யாண மண்டபத்தில் சிறுதொழில் செய்கிறவர்களுக்கு முன்னேற்றப் பயிற்சி. கோயமுத்தூரிலிருந்து ஒருவர் வந்து வகுப்பெடுத்தார். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவராம். காலையில் போன அண்ணன் ஒரு நீல ஃபைலோடும் புதுப் பேனாவோடும் திரும்பினார். மறுநாள் காலை கடைக்குள் நுழைந்ததும் கையைத் தட்டி, "காலை வணக்கம் டீம்" என்றார்.

மதினி திரும்பிப் பின்னால் பார்த்தார். "யாரு டீமு?"

"நீயும் இந்தப் புள்ளையுந்தான்."

"அப்ப நீங்க?"

"நான் லீடர்."

மதினி ஊதுபத்தியைக் கொளுத்தினார்.

அன்றிலிருந்து எதற்கும் ஓர் அளவு வந்தது. சுவர்க்கடிகாரம் சாமிபடத்துக்குப் பக்கத்திலிருந்து என் கம்ப்யூட்டருக்கு எதிரே இடம் மாறியது. அவுட்புட் என்ற வார்த்தை உப்பு, புளி மாதிரி பேச்சில் புழங்கத் தொடங்கியது. வந்தவர்களிடம் கேள்வி கேட்பது நின்றது. கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு, சாவுக்கு என்று முன்கூட்டியே எழுதிவைத்த ஸ்டாக் வரிகள் ஒரு ஃபோல்டரில் ஏறின. பேரை மட்டும் மாற்றினால் போதும். ஒருதரம் கிரகப்பிரவேச வரி ஒன்று கண்ணீர் அஞ்சலியில் போய் ஒட்டிக்கொண்டது: 'புதிய இல்லத்தில் பொங்கட்டும் ஆனந்தம்.' நல்லவேளை, சிடியில் ஏற்றுவதற்கு முன் மதினி பார்த்துவிட்டார். "எடுத்துருத்தா" என்றார். கொஞ்சம் யோசித்து, "ஆனா பொய்யின்னும் சொல்ல முடியாது" என்றார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். வேலை என்றால் வேலைதான். அடுத்து வந்தது இன்வெர்ட்டர். பேட்டரிக்குச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வெட்டிவைத்தார் அண்ணன். "இனி நம்ம கடைக்கு மின்வெட்டே கெடையாது தாயி" என்றார். அவ்வளவு சந்தோஷமாகச் சொல்கிறவரிடம் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது? சிரித்தேன். மதியம் கரண்ட் போனது. டக்கென்று ஒரு சின்னச் சத்தம். ஃபேன் நிற்கவில்லை, திரை இருளவில்லை, யூபிஎஸ் கத்தவில்லை. தெருவெல்லாம் அடங்கிக் கிடக்க எங்கள் மாடி மட்டும் உழைத்துக்கொண்டிருந்தது. இரும்புப் படியில் வெயில் தனியாக உட்கார்ந்திருந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

சரி, வீட்டில் எழுதிக்கொள்ளலாம் என்றால் அங்கே இரண்டு பிள்ளைகள், ஓர் அடுப்பு, ஒரு மாமியார், வாசலில் கோழி. வெட்டி என்று ஒரு மூலைகூட அங்கே கிடையாது.

அண்ணன் கெட்டவர் இல்லை. அதுதான் பெரிய சிக்கல். ஒருநாள் அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது என் கிறுக்கல் தாள்கள் அவர் கையில் கிடைத்துவிட்டன. நின்றபடியே படித்தார். சேவலுக்குச் சிரித்தார். மேகத்துக்கு "அட" என்றார். எனக்குக் காது சூடாகிவிட்டது, பெருமையில்தான். அவர் சொன்னார்: "தாயி, இத இப்புடி வீணாப் போட்டு வச்சிருக்கியே. வர்ற வருஷத்துக்கு நாம ஒரு தினக்காலண்டர் போடுவோம். ஒரு நாளைக்கு ஒரு வரி. அடியில உம்பேரு. ஒவ்வொரு வீட்டு ஆணியிலயும் உம்பேரு தொங்கும்."

யாருக்குத்தான் ஆசை வராது? ராயப்பன்பட்டியிலிருந்து கூடலூர்வரை ஆணி ஆணியாக என் பேர். சரி என்றுவிட்டேன். நீல ஃபைலிலிருந்து ஓர் அட்டவணையை எடுத்து அதில் என் மேகங்களுக்கும் கட்டம் போட்டுக் கொடுத்தார்.

ஜனவரித் தாள்களுக்கு எழுதியது நன்றாகத்தான் போனது. பிப்ரவரியில் நிலா கொஞ்சம் அடிக்கடி வந்தது. மார்ச் மாதத்தில் வெயிலைப் பற்றி எத்தனை விதமாகச் சொல்லமுடியுமோ அத்தனை விதமாகவும் சொல்லியாகிவிட்டது. அதற்குமேல் மலையைப் பார்த்தால் மலை தெரியவில்லை. இது ஏப்ரலுக்கு ஆகுமா, ஜூலைக்கு ஆகுமா என்று கணக்குத்தான் ஓடியது. டவுன் பஸ்ஸில் அம்மா தோளில் கிடந்த ஒரு குழந்தை என்னைப் பார்த்துப் பல்லில்லாமல் சிரித்தது. நான் திருப்பிச் சிரிக்கவில்லை. இதை மே மாதத்தில் எந்தத் தேதியில் வைக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். குழந்தை கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, இந்தப் பொம்பளை சரியில்லை என்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டது.

அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. வேலை போனால் இன்னொரு சென்டர் கிடைக்கும். இந்த விளையாட்டு போய்விட்டால் அதை எந்தக் கடையில் போய்க் கேட்பேன்?

அண்ணனிடம் சொல்லிப் பார்த்தேன்.

"அண்ணே, எனக்கு அந்த மதிய நேரம் வேணும்ணே."

"எதுக்கு தாயி?"

"எழுதுறதுக்கு."

"அதத்தான நானும் சொல்றேன். எழுது."

"இல்லண்ணே. எழுதாம இருக்கணும். இருந்தாத்தான் எழுத வரும்."

அவர் மதினியைத் திரும்பிப் பார்த்தார். "வெயில் சாஸ்தியா இருக்கு. இந்தப் புள்ளைக்கு ஒரு மோர் வாங்கிக் குடு."

மோர் வந்தது. நேரம் வரவில்லை.

பயிற்சி எடுத்தவர்களின் கடைகளை நேரில் பார்க்க அந்தக் கோயமுத்தூர்க்காரர் வருகிறார் என்று ஒருநாள் போன் வந்தது. அண்ணனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடை முகப்பில் அவருடைய மந்திரத்தையே பெரிய பிளெக்ஸாக வைத்துவிட வேண்டும் என்றார். நீல ஃபைலின் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது அது: 'தினமும் கவாத்து, தினமும் வெற்றி.'

எங்கள் பக்கத்தில் கவாத்து என்றால் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும். திராட்சைக்கொடியை வெட்டிவிடுவது. எனக்கும் அதுதான் தெரியும், அண்ணனுக்கும் அதுதான். ஆகவே பேனரின் இடப்பக்கம் தண்ணீர்த்துளி நிற்கிற ஒரு பன்னீர் திராட்சைக் குலையை வைத்தேன். வலப்பக்கம் வாய் பிளந்த கவாத்துக் கத்திரி. நடுவில் பந்தலுக்கு அடியில் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற போட்டோ. வைத்துப் பார்த்தபோது கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. அண்ணனுக்கு ஒரே ஒரு சந்தேகம்.

"தினமும்னு போட்டுருக்கே தாயி. தினமும் எவன் கவாத்துப் பண்ணுவான்?"

"கோயமுத்தூர்க்காரரு. கொடியப் பத்தி என்ன தெரியும்ணே அவுகளுக்கு."

"அதுஞ்சரி. மனசச் சொல்றாருபோல. வேண்டாத நெனப்ப அன்னன்னிக்கு வெட்டிரணும்னு."

நல்ல விளக்கம். இரண்டு பேரும் திருப்தியடைந்து சிடியைப் பஸ்ஸில் கொடுத்தனுப்பினோம்.

பேனர் ஏறிய அன்றே உரக்கடை மாமா நடுரோட்டில் நின்று அண்ணாந்து பார்த்தார். "ஏ மாப்ள, தினமும் கவாத்தா? கொடி என்னத்துக்குடா ஆகும்?"

"இது மனசுக்கு மாமா."

"மனசுக்கு என்ன மருந்து அடிக்கிற? எங்கடையிலயே வாங்கிக்க."

அந்த வாரம் பத்திரிகை அடிக்க வந்தவர்களைவிடக் கவாத்துக்கு ஆள் கேட்டு மாடி ஏறியவர்கள்தான் அதிகம். மார்க்கையன்கோட்டையிலிருந்து ஒருவர் போன் செய்து, திராட்சை மட்டுந்தானா, முருங்கையும் வெட்டுவீகளா என்று விசாரித்தார். மதினி அசராமல், "கல்யாணப் பத்திரிகை அடிச்சீகன்னா முருங்கையும் வெட்டித் தாரோம்" என்றார்.

கோயமுத்தூர்க்காரர் ஒரு மத்தியான வேளையில் வந்து இறங்கினார். கழுத்தில் டை, கையில் பெட்டி. நாங்கள் எல்லாரும் கீழே இறங்கி வரவேற்க நின்றோம். அவர் எங்களைப் பார்க்கவில்லை, மேலே பேனரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், தொழில் மாத்திட்டீங்களா?"

"இல்லையே சார்."

"பழக்கடைங்களா இது?"

"பிரிண்டிங்குதான் சார். உங்க மந்திரத்தத்தான் போட்டுருக்கோம்."

"அது சரிங்க. கத்திரி எதுக்குங்க?"

"கவாத்துக்கு" என்றார் அண்ணன்.

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். விறைப்பாக நின்றார். வெயிலில், உரமூட்டைகளுக்கு முன்னால், கையை வீசிக் காலைத் தூக்கி இடமும் வலமுமாக நாலு எட்டு நடந்து காட்டினார். திரும்பிவந்து, "இதுதானுங்க கவாத்து. பரேடு. பட்டாளத்துல தினமும் காலைல பண்ணுவோம். ஒழுங்கு வரோணும்னா தினமும் கவாத்துப் பண்ணோணுமுங்க" என்றார்.

முதலில் மதினிதான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். உரக்கடை மாமா பொத்திக்கொள்ளவில்லை. ரோட்டில் சைக்கிளில் போனவர்கள்கூடக் காலை ஊன்றி நின்றுவிட்டார்கள்.

அண்ணன் முகத்தைப் பார்த்தேன். மற்ற எந்த இடத்திலும் அவர் தப்பை ஒத்துக்கொண்டுவிடுவார். மாமா முறைக்காரர் முன்னால், அதுவும் சிரிக்கிற மாமா முன்னால், செத்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

"தெரிஞ்சுதான் சார் போட்டோம்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"எங்க ஊருக்கு இந்தக் கவாத்துதான் சார் சரிவரும். கொடிய வெட்டி, வெட்டியா விட்டுரணும். அப்பத்தான் காய்க்கும்."

"வெட்டியா விட்டா உற்பத்தி எங்கிருந்துங்க வரும்?"

"அங்கனதான் சார் வரும். வெட்டுன கொடி எலையில்லாம கம்பு கம்பா நிக்கும். முனையில தண்ணி சொட்டும், அழுகுற மாதிரி. வெளியூர்க்காரன் பாத்தா செத்துப்போச்சும்பான். எந்தத் தோட்டக்காரனாவது பந்தலுக்கடியில போயி, ஏன் சும்மா நிக்கிறன்னு கேப்பானா?"

"அதுக்கும் மருந்து இருக்கு மாப்ள" என்றார் மாமா. "கம்புல தடவுனா சீக்கிரம் கண்ணு முழிச்சுத் துளிர்த்துரும். உள்ளதான் வச்சிருக்கேன், எடுத்தாரவா?"

"மாமா, நீரு பேசாம இரும். தடவித் தடவித்தான் எங்கப்பன் வச்ச கொடியில பாதி பட்டுப்போச்சு."

கோயமுத்தூர்க்காரர் பொறுமைசாலி. கையை உயர்த்தினார். "சார், கொடி வேறைங்க, மனுசன் வேறைங்க. மனுசனச் சும்மா விட்டா சும்மாதானுங்க இருப்பான்."

அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்தார். வாதத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. என்னைக் கண்டார்.

"இந்தா, இந்தப் புள்ளையவே எடுத்துக்கங்க சார். முன்னாடியெல்லாம் கரண்ட்டு போனா அந்தப் படியில போயி உக்காந்து அதுபாட்டுக்கு எழுதும். சேவக்கோழியப் பத்தியெல்லாம் எழுதும். அவ்வளவு நல்லாருக்கும். நான் இன்வெர்ட்டர் வாங்கிப் போட்டேன் சார். கட்டம் போட்டுக் குடுத்தேன். அன்னைலருந்து..."

அங்கேயே நின்றுவிட்டார். சொல்ல வந்தது அவர் காதிலேயே போய் விழுந்துவிட்டது. நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைலருந்து என்னங்க?" என்றார் கோயமுத்தூர்க்காரர்.

"மார்ச்சு மாசத்தோட நிக்குது" என்றார் மதினி.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. பக்கத்து ஹோட்டலில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு பாதியில் விழுந்தது. மாவுமில் அடங்கியது. மேலே எங்கள் மாடியில் மட்டும் ஃபேன் ஓடுகிற சத்தம். அண்ணன் அண்ணாந்து கேட்டார். பிறகு படியேறிப் போனார். நாங்களும் பின்னாலேயே போனோம். இன்வெர்ட்டருக்கு முன்னால் கொஞ்சம் தயங்கினார், சாமிக்கு முன்னால் நிற்கிற மாதிரி. காய்ந்துபோன மாலையை ஒதுக்கிவிட்டு சுவிட்சை அணைத்தார். ஃபேன் இரண்டு சுற்று யோசித்துவிட்டு நின்றது.

"இது கவாத்து நேரம் சார்" என்றார். "எங்க கடையில இதான் வழக்கம்."

அப்படி ஒரு வழக்கம் அந்த நிமிஷத்தில்தான் பிறந்தது.

அதற்குமேல் பேச யாருக்கும் தெம்பில்லை. வெக்கை அப்படி. மதினி தட்டில் திராட்சையைக் கழுவிக் கொண்டுவந்து வைத்தார். கோயமுத்தூர்க்காரர் மரியாதைக்கு ஒன்று எடுத்தார், அப்புறம் குலையையே மடியில் வைத்துக்கொண்டார். டையைத் தளர்த்தினார். கழற்றி மடித்துப் பெட்டிமேல் வைத்தார். மதினி ஒரு பழைய காலண்டர் அட்டையால் தனக்கு விசிறிக்கொண்டே, அப்படியே அவருக்கும் சேர்த்து விசிறினார். வாடிக்கையாளர் உட்காருகிற பிளாஸ்டிக் நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்தவர், உற்பத்தியைப் பற்றி ஏதோ ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, அதை முடிக்காமலே தூங்கிப்போனார்.

அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார், பின்பக்கப் படியை நோக்கி.

தாளை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். ஒரு வரிகூட வரவில்லை. அணில் ஏறியது, இறங்கியது. மேகம் இல்லை. தாள் வெள்ளையாகவே இருந்தது. இது எந்த மாசத்துக்கு ஆகும் என்ற கேள்வி மட்டும் இரண்டுதரம் பழைய பழக்கத்தில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. மூன்றாம் தரம் வரவில்லை. வெயில் சுட்ட இரும்புப் படி மெல்ல ஆறுவதைத் தொடையில் உணர்ந்தபடி உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நாளாயிற்று இப்படி எதுவும் வராமல் இருந்து.

கரண்ட் வந்து ஃபேன் சுற்றியதும் கோயமுத்தூர்க்காரர் திடுக்கிட்டு எழுந்தார். "எவ்வளவு நேரமுங்க தூங்கினேன்?"

"கரண்ட்டு வர்ற வரைக்கும்" என்றார் மதினி. "நல்லாத் தூங்குனீகளா?"

"வீட்டுல இப்படித் தூங்கியே ரொம்ப நாளாச்சுங்க."

கம்பத்தில் இன்னொரு கடையைப் பார்க்க வேண்டியிருந்ததாம். அந்த நேரம் தாண்டியிருந்தது. டையைக் கட்டிக்கொள்ளாமல் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். மதினி ஒரு பையில் திராட்சை போட்டுக் கொடுத்தார்.

அவர் போன பிறகு அண்ணன் ஏணி போட்டு ஏறி, 'தினமும்' என்று இருந்த இரண்டு இடத்திலும் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டினார். மிச்சம் 'கவாத்து, வெற்றி' என்று நின்றது. உரக்கடை மாமா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, "இப்பத்தான் மாப்ள தோட்டக்காரன் போர்டு" என்றார்.

சாயந்தரம் அண்ணன் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து, ஜெராக்ஸ் மிஷினைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டே பேசினார்.

"தாயி, காலண்டரு..."

"மார்ச்சோட நிக்குதுண்ணே."

"ஏப்ரல்லருந்து ராசிபலன் போட்ருவமா?"

"போட்ருவோம்ணே."

அப்படியே போட்டோம். மூன்று மாதம் என் வரி, ஒன்பது மாதம் ராசிபலன். யாரும் குறைசொல்லவில்லை. சொல்லப்போனால் ராசிபலனுக்குத்தான் மரியாதை அதிகமாக இருந்தது. ஒரே ஒருவர் மட்டும் வீரபாண்டித் திருவிழாவுக்குப் பேனர் சொல்ல வந்தபோது கேட்டார்: "மார்ச்சு வரைக்கும் எழுதுச்சே ஒரு புள்ள, அதுக்கு என்ன, கல்யாணமாகிப் போயிருச்சா?" ரெண்டு பிள்ளை பெற்ற நான் அவருக்கு எதிரே உட்கார்ந்து அவர் பேனருக்குத்தான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இன்வெர்ட்டர் அண்ணன் வீட்டுக்குப் போய் டிவிக்கு உழைத்தது. ஸ்டாக் ஃபோல்டர் இருந்தது, அவசரச் சாவுகளுக்கு. கடிகாரம் மறுபடி சாமிபடத்துக்குப் பக்கத்தில் போகவில்லை. அதை மாட்டுவதற்கு ஆணி அடித்தாயிற்றே, அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். மதியம் கரண்ட் போனதும் மட்டும் அண்ணன் கீழே இறங்குமுன், "டீம், கவாத்து" என்பார். மதினி தலையைச் சாய்த்துக்கொள்வார். நான் இரும்புப் படிக்குப் போய்விடுவேன். மேகம் சில நாள் வந்தது. சேவல் திரும்ப வரவேயில்லை, அதற்குப் பதில் ஒரு பூனை வந்தது. பஸ்ஸில் அந்தக் குழந்தையை மறுபடி பார்த்தேனா, அது வேறு குழந்தையா என்று தெரியாது. சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். அதை எங்கும் எழுதவில்லை, இப்போதுதான் எழுதுகிறேன்.

இப்போது கரண்ட் முன்னைப்போல் போவதில்லை. என் மகன் வீட்டிலிருந்தே லேப்டாப்பில் வேலை பார்க்கிறான், அவனுக்கு மணிக்கொரு மீட்டிங். மதியம் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, நான் மெதுவாகப் போய் மெயின் சுவிட்சை இறக்கிவிடுவேன். வீடு அடங்கும். தாளை எடுத்துக்கொண்டு பின்வாசலில் போய் உட்காருவேன்.

நேற்றும் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அம்மா, கரண்ட்டு போயிருச்சா?"

"ம்."

"பக்கத்து வீட்ல மட்டும் ஃபேன் ஓடுதே?"

"அவுக பந்தல்ல இப்பக் காய் நிக்குது" என்றேன். "நம்ம பந்தல்லதான்டா கவாத்து."